பத்து மீட்டர்

1993-ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு ஒரு ரூபாய். கடைக்கார அண்ணாச்சி சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, நீள நோட்டில் எங்கள் பெயரையும் வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதுவார். ஏழாம் நம்பர் வண்டிக்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும். அந்த ஒரு வண்டியின் செயின்தான் எப்போதும் எண்ணெயோடு இருக்கும். அண்ணாச்சி பேனாவை மூடிய நொடியிலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு கணக்குதான்: இந்த அறுபது நிமிடத்துக்குள் எவ்வளவு தூரம் போக முடியும்? தாமிரபரணிப் பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சி தாண்டி, சாலையோரக் கற்களை எண்ணிக்கொண்டே மிதிப்போம். திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பிந்தினால் அடுத்த அரை மணிக்கும் காசு.

அதே ஆண்டு ஜூலை மாதம், பிரான்சின் போர்தோ நகரத்தில் ஓர் ஆங்கிலேயர் இதே கணக்கோடு சைக்கிளில் ஏறினார். ஒரு மணி நேரம், ஒரு வட்டத் தளம், அவர் மட்டும். 52.270 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அவர் பெயர் கிறிஸ் போர்டுமன். இதை நான் தெரிந்துகொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தெரிந்த பிறகு அவரை விடவே முடியவில்லை.

சைக்கிள் பந்தய உலகில் ஒரு மணி நேரச் சாதனை என்பது மிகப் பழையது, மிக எளியது. பக்கத்தில் எதிராளி கிடையாது, முன்னால் சென்று காற்றைத் தடுத்துக்கொடுக்கத் துணை கிடையாது, பிரேக்கும் கிடையாது. தளத்தில் ஓட்டும் வண்டியில் ஃப்ரீவீல் இல்லை. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும், காலும் சுற்றியே தீர வேண்டும். ஒரு நொடி காலை நிறுத்தி ஆசுவாசப்படுத்திக்கொள்ள வழியில்லை. 1893-இல் பாரிஸில் ஆன்றி தெக்ராஞ்ச் என்பவர் 35.325 கிலோமீட்டர் ஓட்டிய நாளிலிருந்து இந்தச் சாதனை எழுதப்பட்டு வருகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, பிரான்ஸைச் சுற்றி நாள்கணக்கில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

போர்டுமன் 1968-இல் பிறந்தவர். லிவர்பூலுக்கு அக்கரையில் விர்ரல் தீபகற்பத்தில் உள்ள ஹோய்லேக் என்ற கடலோர ஊர். தொழில் தச்சுவேலை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிக்குப் போகும்போது அந்த வேலையும் இல்லாமல்தான் இருந்தார். அங்கே அவர் கலந்துகொண்டது 4 கிலோமீட்டர் பர்சூட், அதாவது துரத்தல் போட்டி. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்தது. இறுதிப் போட்டியில் எதிராளியை எட்டிப் பிடிப்பது மிக அபூர்வம், ஏனென்றால் அங்கே வந்து நிற்பவர்கள் இருவருமே உச்சத்தில் இருப்பவர்கள். போர்டுமனுக்கு எதிரே நின்றவர் முந்தைய ஆண்டு உலக சாம்பியனான ஜெர்மனியின் யென்ஸ் லேமன். அவரைத்தான் போர்டுமன் தூரம் முடிவதற்குள் எட்டிப் பிடித்தார். பிரிட்டனுக்கு சைக்கிள் ஓட்டத்தில் 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஒலிம்பிக் தங்கம் அது.

மறுநாள் பத்திரிகைகள் அவரைவிட அவர் வண்டியைப் பற்றியே அதிகம் எழுதின. எழுதாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். குழாய்களை இணைத்துச் செய்த சட்டகமே அதில் இல்லை. கார்பன் இழையில் ஒரே துண்டாக வார்த்தெடுத்த, மீன் போன்ற உடல். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டிய கவைக்கு ஒரே ஒரு கை. மைக் பரோஸ் என்ற வடிவமைப்பாளரின் சிந்தனையில் பிறந்து, லோட்டஸ் கார் நிறுவனத்தில் முழுமை பெற்ற வண்டி. ஜெயித்தது வண்டியா, ஆளா? பார்சிலோனாவில் எழுந்த இந்தக் கேள்வி அவர் ஓய்வு பெறும்வரை கூடவே ஓடி வந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்த வண்டிக்குள் மோட்டார் இல்லை. ஆனாலும் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவரின் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தேவைப்படும் ஆற்றல் மும்மடிக் கணக்கில் ஏறும். அதனால் முதுகைச் சற்றுத் தாழ்த்துவதும், முழங்கையை உள்ளே ஒடுக்குவதும், பல மாதப் பயிற்சி தருகிற பலனைத் தந்துவிடக்கூடும். போர்டுமனும் அவருடைய பயிற்சியாளரான விளையாட்டு அறிவியலாளர் பீட்டர் கீனும் இதைப் புரிந்துகொண்டு, பந்தயத்தைப் பின்னாலிருந்து முன்னால் படித்தார்கள். இந்த நேரத்தில் முடிக்க வேண்டுமானால் எத்தனை வாட் ஆற்றல் வேண்டும்? காற்றிடம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? மீதியை உடல் தர வேண்டுமானால் வாரத்தில் எந்த நாள் எதைச் செய்ய வேண்டும்? சக வீரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் புரொஃபசர்.

1993 ஜூலையில் நடந்தது கதைபோல இருக்கும். நார்வேயின் ஹாமர் நகரில் கிரேம் ஓப்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர், தானே கட்டிய வண்டியில், துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைப் பொருத்திக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளாக நின்றிருந்த பிரான்செஸ்கோ மோசரின் சாதனையை முறியடித்தார். முதல் நாள் முயன்று தோற்று, மறுநாள் காலையே திரும்ப ஏறி 51.596 கிலோமீட்டர். ஆறே நாளில், ஜூலை 23 அன்று, போர்டுமன் அதைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு டூர் டி பிரான்ஸ் பந்தயமும் அதே போர்தோ நகரில் வந்து முடிந்தது. அதன் மேடைக்கே போர்டுமனை அழைத்து நிறுத்தினார்கள். சாலைப் பந்தயத்தில் தொழில்முறை வீரராக ஒரு நாள்கூட ஓட்டியிராத ஒருவர், உலகின் மிகப் பெரிய சாலைப் பந்தயத்தின் மேடையில் நின்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரான்சின் கான் என்ற தொழில்முறைச் சாலைப் பந்தய அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

தளத்தில் ஓட்டியவர் சாலைக்குப் போவது, மேடையில் தனியாகப் பாடிப் பழகிய பாடகர் திருவிழாக் கூட்டத்துக்குள் நின்று பாடப் போவதுபோல. 200 பேர் தோளோடு தோள் உரசி ஓட்டுவார்கள். மழை வரும், மலை வரும், முன்னால் போகிறவர் விழுந்தால் நாமும் விழ வேண்டும். அளந்து வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் சாலைப் பந்தயத்திலும் ஒரு சிறு மூலை போர்டுமனுக்காகவே இருந்தது: புரோலாக் எனப்படும் முன்னோட்டம். டூரின் முதல் நாளில் ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் குறுகிய தூரம். 1994 ஜூலையில் லில் நகரத்தில் 7.2 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 55.152 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அப்போது டூரை மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்த மிகேல் இந்துரைனை 15 நொடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். டூரில் அவர் கலந்துகொண்ட முதல் நாள் அது. டூரில் மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் அணிவது மஞ்சள் சட்டை. டாம் சிம்சன் 1962-இல் அணிந்த பிறகு, அதை அணிந்த முதல் பிரிட்டிஷ் வீரர் அவர். அந்த வேகத்தை டூரின் வேறு எந்தத் தனி நேர ஓட்டத்திலும் 2015 வரை யாரும் மிஞ்சவில்லை.

அந்தச் சட்டை மூன்று நாள் அவரிடம் இருந்தது. பந்தயம் கடல் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைவதற்கு முந்தைய நாள், அணியாக ஓட்டும் நேர ஓட்டத்தில் அது கைநழுவிப் போனது. தன் நாட்டுச் சாலையில் மஞ்சள் சட்டையோடு ஓட்ட இன்னும் ஒரு நாள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு சிசிலியில் நடந்த உலக சாம்பியன் போட்டிகளில் தளத்தில் பர்சூட் பட்டத்தையும், சாலையில் அப்போதுதான் முதன்முதலாக நடத்தப்பட்ட நேர ஓட்டப் பட்டத்தையும் சேர்த்து வென்றார். ஆனாலும் இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு நாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அடுத்த ஆண்டு பிரிட்டனி பகுதியில் உள்ள செயின்ட் பிரியூ நகரம். மாலை நேரத்தில் நடந்த புரோலாக். முதலில் கிளம்பியவர்களுக்குச் சாலை காய்ந்திருந்தது. கடைசியில் கிளம்ப வேண்டிய பெரிய வீரர்களின் முறை வரும்போது மழை கொட்டியது. முந்தைய ஆண்டு வென்றவர் என்பதால் போர்டுமனும் கடைசி வரிசையில். மற்ற பலர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். போர்டுமன் குறைக்கவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில் சக்கரம் வழுக்கியது. ஈரச் சாலையில் அவர் சறுக்கிக்கொண்டே போக, பின்னால் வந்த அவர் அணியின் காரே அவர்மேல் ஏறிவிடாமல் மயிரிழையில் நின்றது. கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்தன. டூர் அவருக்குச் சில நிமிடங்களில் முடிந்துபோனது.

அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விழுந்த பிறகு எழுந்துகொள்ள முயல்கிறார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணில் எழுதிப் பார்க்கிற மனிதர், மழையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் ஆண்டு முழுவதிலும் சாலை அவருக்கென்று ஒதுக்கிய இடம். அதையும் விட்டுக்கொடுத்தால் அப்புறம் மூன்று வாரம் மற்றவர்களுடைய பந்தயத்தில்தான் ஓட்ட வேண்டும்.

ஆறு முறை டூரில் கிளம்பினார். பாரிஸ் வரை போய்ச் சேர்ந்தது இரண்டு முறைதான். மூன்று புரோலாக்குகளை வென்றார்: 1994 லில், 1997 ரூவான், 1998 டப்ளின். டப்ளினில் வென்று மஞ்சள் சட்டையோடு ஓட்டிக்கொண்டிருந்தவர், இரண்டாம் கட்டத்தில் கார்க் நகருக்குப் போகும் வழியில் விழுந்து, சாலையோரக் கல்சுவரில் தலை மோதி, நினைவிழந்து கிடந்தார். அந்த ஆண்டின் டூர்தான் ஊக்கமருந்து விவகாரத்தால் நாறியது. டப்ளினில் பந்தயம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய மருந்தோடு எல்லையில் பிடிபட்டார். மொத்த அணியும் பிறகு வெளியேற்றப்பட்டது.

போர்டுமனுக்குள்ளே அதே காலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எலும்புகள் மெலிந்துகொண்டிருந்தன. முப்பது வயதுக்காரருக்கு முதியவர்களுக்கு வருகிற எலும்புத் தேய்வு. உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. அதை ஈடுகட்டும் மருந்தோ போட்டிகளில் தடை செய்யப்பட்ட ஒன்று. சிகிச்சையை ஓய்வுக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிட்டு, அந்த எலும்புகளோடு இரண்டு ஆண்டுகள் ஓட்டினார். மருந்து கார் காராகக் கடத்தப்பட்ட ஒரு காலத்தில், தன் நோய்க்கான மருந்தையே எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி அந்தப் பத்து மீட்டருக்கு வருகிறேன்.

1996 செப்டம்பர் 6, மான்செஸ்டர். ஓப்ரி கண்டுபிடித்த சூப்பர்மேன் இருக்கை நிலையில், அதாவது இரண்டு கைகளையும் முன்னால் முழுக்க நீட்டிப் பறப்பதுபோலப் படுத்துக்கொண்டு, போர்டுமன் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த எண்ணை இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. அதன்பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த நிலையைத் தடை செய்தது. 2000-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 1972-க்குப் பிறகு படைக்கப்பட்ட அத்தனை சாதனைகளையும் வேறொரு பட்டியலுக்கு மாற்றியது. ஒரு மணி நேரச் சாதனை என்றால் இனி பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 1972 அக்டோபர் 25 அன்று ஓட்டிய 49.431 கிலோமீட்டர்தான். யார் அதை முறியடிக்க வந்தாலும் மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியில்தான் வர வேண்டும். உருண்டைக் குழாய்ச் சட்டகம், கம்பிகள் உள்ள சாதாரணச் சக்கரம், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி. காற்றை ஏமாற்றும் தலைக்கவசமும் கூடாது.

வண்டியா ஆளா என்று எட்டு ஆண்டுகளாகக் கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஒரு பரீட்சை இருக்க முடியாது. எந்த ஆயுதத்துக்காகப் பேர்போனாரோ அதைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அவரும் வந்தார். 2000 அக்டோபர் 27, அதே மான்செஸ்டர் தளம், உலக சாம்பியன் போட்டிகள் நடந்துகொண்டிருந்த வாரம். வயது 32. அதுதான் அவருடைய கடைசி ஓட்டம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

மெர்க்ஸுக்கு ஒரு சாதகம் இருந்தது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மூச்சு விடுவது கடினம் என்றாலும், காற்று மெலிந்திருப்பதால் அதைக் கிழிப்பது எளிது. மான்செஸ்டரில் அந்தச் சலுகை இல்லை. போர்டுமன் மெர்க்ஸின் கணக்கைவிடப் பின்தங்கினார். கடைசிச் சில நிமிடங்களில் இழந்ததை மீட்டெடுத்தார். மணி முடிந்தபோது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் அதிகம்.

ஒரு மணி நேர உழைப்பில் பத்து மீட்டர். அவர் போன வேகத்தில் அது முக்கால் நொடிக்கும் குறைவு.

இதைக் காகிதத்தில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளத்தின் உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புக் கோடு உண்டு. ஒரு சுற்று 250 மீட்டர் என்பது அந்தக் கோட்டின் நீளம். ஓட்டுகிறவர் கோட்டைவிட்டு வெளியே விலகினால் அதிக தூரம் ஓட்டுவார். ஆனால் அந்த அதிக தூரம் அவர் கணக்கில் சேராது. 49.441 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 198 சுற்று. ஒரு மணி நேரம் முழுவதும் சராசரியாக ஒரே ஒரு சென்டிமீட்டர் வெளியே விலகி ஓட்டியிருந்தால், சுற்றுக்கு 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, மொத்தம் 12 மீட்டருக்கு மேல் வீணாகியிருக்கும். சாதனையும் அதோடு போயிருக்கும். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு விலகல். தொடை எரிந்து, கண் மங்கி, 42 டிகிரி சாய்ந்த வளைவுகளில் 198 முறை ஏறி இறங்கும்போது அந்தச் சுண்டுவிரல் அகலத்தைக் காப்பாற்றியது எந்த வண்டியும் கிடையாது.

இன்னொரு கழித்தலும் செய்தேன். அதே மனிதர், அதே தளம்: 1996-இல் 56.375, 2000-இல் 49.441. வித்தியாசம் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். நான்கு வயது கூடியதற்குக் கொஞ்சம் கொடுக்கலாம். மிச்சமெல்லாம் காற்று. ஆக, வண்டிதான் ஜெயித்தது என்று சொன்னவர்கள் ஒரேயடியாகப் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 7 கிலோமீட்டரும் தானாக வந்துவிடாது. மரத்தை இழைத்துப் பழகிய ஒரு தச்சர், தன் உடம்பையும் அதே மாதிரி இழைத்து இழைத்துச் சேர்த்த தூரம் அது. விதிகள் மாறி, நவீன வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு, இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 2022 அக்டோபரில் 56.792 ஓட்டும்வரை, 26 ஆண்டுகள் அந்த 56.375-ஐ ஒருவரும் தொடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிரிட்டிஷ் ஒலிம்பிக் அணிக்கான வண்டிகளையும் உடைகளையும் ஆராயும் குழுவை நடத்தினார். தன் பெயரில் சைக்கிள்கள் விற்றார். டூர் ஒளிபரப்பில் பேசினார். 2016-இல் அவருடைய தாய் வேல்ஸ் நாட்டுச் சாலையொன்றில் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் பெருநகரப் பகுதியின் நடை மற்றும் சைக்கிள் ஆணையராகப் பொறுப்பேற்றார். சாலைகளைத் திருத்துவதற்கு அவர் வைத்த அளவுகோல் ஒன்று உண்டு: ஓரளவு சைக்கிள் ஓட்டத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை இந்தப் பாதையில் தனியாகப் போகுமா? வாட், விநாடி, சென்டிமீட்டர் என்று வாழ்ந்தவர், இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்காள் மகனுக்கு இந்த ஆண்டு பன்னிரண்டு முடிகிறது. பள்ளிக்கு வேனில் போகிறான். சைக்கிள் திண்ணையில் நிற்கிறது. "மாமா, பாலத்தைத் தாண்டிப் போக அம்மா விட மாட்டாங்க" என்றான். அக்காளிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன், லாரிகள் ஓடத் தொடங்குவதற்குள் இருவரும் கிளம்பினோம். பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் கைப்பிடி நடுங்கியது. கைப்பிடிச்சுவர் ஓரமாக ஒதுங்கி, இரண்டு பேரும் காலை ஊன்றி நின்றோம். பஸ் போன பிறகு அவன் பெடலைச் சுற்றிச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"மாமா, ஒரு மணி நேரத்துல வீரவநல்லூர் போயிட்டு வந்துடலாமா?"